மார்கழி விடுமுறையும் உடம்பின் கடிகாரமும்

டிசம்பர் பிறந்துவிட்டால் தென்காசி மாவட்டத்துக் கடையநல்லூரில் தெருவுக்கு நாலு வீட்டில் வெளிநாட்டுப் பெட்டிகள் இறங்கும். சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு நவம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஏறக்குறைய ஆறு வாரம் விடுமுறை. அங்கே குடியேறிய குடும்பங்கள் பிள்ளைகளோடு ஊர் திரும்பும் காலம் இது. வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் அதையொட்டி விடுப்புக் கேட்பார்கள். கலியாணத் தேதியை இதற்கேற்பக் குறிப்பவர்களும் உண்டு. இந்தப் போக்குவரத்துக்கு வயது அதிகம். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம் 1941இலேயே தொடங்கிவிட்டது.

அண்ணன் சிங்கப்பூரிலிருந்தும் தம்பி ரியாத்திலிருந்தும் ஒரே நாளில் வந்து சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். இரவு பத்து மணிக்குச் சோறு பரிமாறப்படுகிறது. சிங்கப்பூர் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஆக அண்ணனின் உடம்புக்கு அப்போது நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. சவூதி நேரமோ இரண்டரை மணி நேரம் பிந்தியது; தம்பியின் உடம்புக்கு அப்போதுதான் ஏழரை. தம்பிக்குப் பேச்சு களைகட்டும் வேளை, அண்ணனுக்கு ஈரல் உறங்கப்போன வேளை. ஒரே சகனில், அதாவது ஒரே பெருந்தட்டில், கைவைத்து உண்ணும் இரண்டு பேருக்கு இடையில் ஐந்து மணி நேர வித்தியாசம் இருக்கிறது. உடம்பின் கடிகாரம் புதிய ஊரின் நேரத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரமே நகரும் என்பதால், இருவரும் ஒரே நேரத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். அதற்குள் முதல் கலியாண வீடு முடிந்திருக்கும்.

விடுமுறையில் எடை கூடுவதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் விருந்தைத்தான் குற்றம் சொல்கிறோம். நான் பழி போடுவது கலைந்துபோன நேரத்தின் மீது. நெய்ச்சோறும் தால்ச்சாவும் பரிமாறும் அந்த ஒரு நாள் பெரிய தீங்கு செய்வதில்லை. அந்த நாளுக்கும் அடுத்த விருந்துக்கும் நடுவில், எந்த வேளைக்கும் வேளையில்லாமல் கழியும் நாட்கள்தான் மெல்ல மெல்ல எடையைச் சேர்க்கின்றன.

குளிர்நாடுகளில் இதற்குக் குளிரையும் இருட்டையும் காரணம் காட்டுவது வழக்கம். இங்கிலாந்தின் பர்மிங்காமில் டிசம்பர் கடைசியில் பகற்பொழுது எட்டு மணி நேரம்கூட இல்லை. கடையநல்லூரிலோ மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரத்துக்கு மேல். கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் ஒரு மணி நேரம்தான். அதிகாலையில் போர்வையை இழுத்துப் போர்த்துகிறோமே தவிர, உடம்பை உறையவைக்கும் குளிர் இங்கே கிடையாது. வடகிழக்குப் பருவமழை காலை நடையைச் சில நாள் நிறுத்தும், அவ்வளவுதான். குளிரும் இருட்டும் இல்லாத ஊரிலும் பொங்கல் முடியும்போது பலருக்குச் சட்டைப் பொத்தான் இறுகுகிறது என்றால், காரணத்தை வானிலையில் தேடிப் பயனில்லை.

எவ்வளவுதான் கூடுகிறது? இதைப் பொறுமையாக அளந்து பார்த்தவர் அமெரிக்க மருத்துவர் ஜாக் யானோவ்ஸ்கி. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அவரும் அவருடைய குழுவினரும் 195 பேரைப் பல மாதங்கள் திரும்பத் திரும்ப நிறுத்துப் பார்த்து, 2000ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையிலான பண்டிகைக் காலத்தில் கூடியது சராசரியாக 0.37 கிலோ. ஆய்வுக்கு வந்தவர்கள் தாங்கள் இதைவிடப் பல மடங்கு கூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். 'இவ்வளவுதானா' என்று ஆறுதல் அடைய வேண்டாம். கூடிய அந்த எடை பிப்ரவரி, மார்ச்சிலும் இறங்கவில்லை. ஆண்டு முழுவதும் ஏறியதில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில் ஏறியதுதான். பத்து ஆண்டுகளில் மூன்று நான்கு கிலோ சேர்வது இப்படித்தான். சேரும்போது யாருக்கும் தெரிவதில்லை.

0.37 கிலோவைக் கலோரியாக மாற்றிப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் தோராயமாக 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஆறு வாரத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 70 கலோரிக்கும் குறைவு. எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸில் பத்துப் பதினைந்து கிராம் அதற்குப் போதும். அதாவது, பேச்சுவாக்கில் தட்டிலிருந்து அள்ளும் ஒரு சிறு கை. குற்றாலம் போய்வரும் ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் கொண்டுவரும் மாதத்தில், வீட்டுக் கூடமான பட்டாசலில் அந்தத் தட்டு காலியாகவே இருப்பதில்லை. விருந்துக்கு மறுநாள் காலையில் எடைக்கருவி ஒன்றரை கிலோ கூடுதலாகக் காட்டும்போது நாம் பதறுகிறோம். அதில் பெரும்பகுதி தண்ணீர். ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைக்கும். சாப்பாட்டு உப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடிக்கும். இரண்டு மூன்று நாளில் அது இறங்கிவிடும். கைப்பிடி சிப்ஸ் தரும் கொழுப்பு அப்படி இறங்காது.

நேரம் கலைவதால் பசி ஏன் கூட வேண்டும்? 2004இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் காரின் ஸ்பீகலும் அவருடைய குழுவினரும் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டார்கள். வேறு இரண்டு இரவு பத்து மணி நேரம் படுக்கவிட்டார்கள். குறைவாக உறங்கியபோது, 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு ஏறியது. மனம் நாடியது இனிப்பையும் உப்பையும் மாவுப் பண்டங்களையும்தான். இரவு இரண்டு மணி வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, பஜ்ர் தொழுகைக்கோ முதல் பேருந்துக்கோ எழுந்தவருக்கு மறுநாள் மாலை பரோட்டாக் கடை வழியில் நிற்கத் தோன்றுவதை மனவுறுதிக் குறைவு என்று ஏசுவது நியாயமில்லை.

2022இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். உடல் பருத்த பதினாறு பேருக்கு ஒரே உணவை, ஒரே அளவில், ஒருமுறை வழக்கமான நேரத்திலும் இன்னொருமுறை சுமார் நான்கு மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளி உண்டபோது பசி அதிகரித்தது; உடல் எரித்த கலோரியும் சற்றுக் குறைந்தது. தின்ற பண்டம் மாறவில்லை, கடிகார முள்தான் மாறியது. சிறிய ஆய்வு என்றாலும், பத்து மணிக்குச் சோறு, பதினொன்றரைக்குப் பிரானூர் பார்டர் கடைகள் வரை கார் எடுத்துப்போய்ப் பரோட்டாவும் சால்னாவும் என்று ஓடும் நம் விடுமுறை இரவுகளுக்கு இது நேராகப் பொருந்துகிறது. ஒரு பரோட்டா, அளவையும் எண்ணெயையும் பொறுத்து, சுமார் 250 கலோரி இருக்கலாம். அந்தக் கடைகளின் ருசியை நான் குறைசொல்லவில்லை. மாலை ஏழு மணிக்கு அதையே இரவுச் சாப்பாடாக உண்பது வேறு, சாப்பிட்டுவிட்டுப் போய் உண்பது வேறு.

அரைக் கிலோவுக்கு இவ்வளவு பேச்சா என்று கேட்கலாம். நம் உடம்பின் வாகு அப்படி. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு ஒன்றே: 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. ஒல்லியாகத் தெரியும் இந்தியரின் உடம்பிலும் கொழுப்பு ஒளிந்திருக்கிறது. சர்க்கரை நோய் நமக்குக் குறைந்த எடையிலேயே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் எடை மிகுதி அல்லது உடல் பருமன். இத்தனைக்கும் இந்தக் கணக்கு 25 என்ற உலகப் பொது வரம்பை வைத்து எடுத்தது. ஆசியர்களுக்கு 23இலேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

இதே விடுமுறை வாரங்களில், பிரானூர் போகும் அதே சாலையில் இன்னொரு கூட்டமும் நகர்கிறது. கார்த்திகை முதல் நாள் மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்தில் குளித்து, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக மலைக்குப் போகிறார்கள். மண்டல காலம் 41 நாள். யானோவ்ஸ்கி அளந்த பண்டிகைக் காலத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போகும் நாட்கள். விடியுமுன் குளியல், நேரத்துக்குச் சைவ உணவு, மது இல்லை, புகை இல்லை, வெறுங்கால் நடை. இது பக்திக்காக ஏற்பட்டது, எடைக்காக அல்ல. ஆனாலும் ஆண்டின் மிகக் கலகலப்பான மாதத்தில் நாளுக்கு ஒரு வடிவம் கொடுக்க முடியும் என்பதை ஊரே ஆண்டுதோறும் கண்ணெதிரே பார்க்கிறது.

ரமலானும் அப்படித்தான். உண்ணும் நேரம் தலைகீழாக மாறுகிறது, இரவு உறக்கம் துண்டுபடுகிறது. ஆனாலும் நோன்பு மாதத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டது, சராசரியாக ஒரு கிலோ அளவுக்கு எடை குறைகிறது, பின்பு சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறது என்பதே. நேரம் மாறினாலும் ஒழுங்கு இருக்கிறது. சஹருக்கும் இஃப்தாருக்கும் நடுவில் தட்டு கிடையாது. கலியாண மாதத்தில் அந்த நடுவேலிதான் இல்லாமல் போகிறது. பிறைக்கணக்கு ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்வதால், 2030இல் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இரண்டு முறை ரமலான் பிறக்கும். அந்த டிசம்பரில் ஊர் வருபவர்களுக்கு விடுமுறையின் கடைசி நாட்கள் நோன்போடு சேர்ந்தே அமையும்.

பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை 18,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. பள்ளி நடந்த மாதங்களில் பருமன் விகிதம் கூடவில்லை. கூடியதெல்லாம் கோடை விடுமுறைகளில்தான். பள்ளி மணி அடிப்பதால் பிள்ளை நேரத்துக்கு எழுகிறது, நேரத்துக்கு உண்கிறது, உறங்குகிறது. விடுமுறையில் அந்த மணி நின்றுபோகிறது. நம் அரையாண்டு விடுமுறை ஒரு வாரத்தைச் சுற்றி முடிந்துவிடும். ஆறு வாரம் தங்க வரும் சிங்கப்பூர்ப் பிள்ளையைப் பார்த்து "எளச்சுப் போயிட்டீயளே" என்று பெரியம்மாவும் மாமியும் மாறி மாறி ஊட்டுவதில் இருக்கும் அன்பைக் குறைக்க யாருக்கும் மனம் வராது. ஊட்டும் வேளையை மட்டும் சாப்பாட்டு வேளையாக வைத்துக்கொண்டால் போதும்.

சரி, என்னதான் செய்வது? பர்மிங்காமில் 2016, 2017 டிசம்பர்களில் 272 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு உடல்நலம் பற்றிய துண்டறிக்கை மட்டும் தந்தார்கள். மீதிப் பேர் வாரம் இரண்டு முறையாவது எடை பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். கூடவே பத்துக் குறிப்புகள். அந்தப் பத்தில் முதலாவது, தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள் என்பது. பண்டிகை முடிந்தபோது இரு தரப்புக்கும் சராசரி வித்தியாசம் அரைக் கிலோ. முதல் தரப்பு கொஞ்சம் ஏறியது. இரண்டாம் தரப்பு ஏறாமல் நின்றது. விலையுயர்ந்த மருந்தோ உடற்பயிற்சிக்கூடமோ தேவைப்படவில்லை. ஒரு சாதாரண எடைக்கருவி, ஒரு நாட்காட்டி, ஒரு பேனா இருந்தால் இதைக் கடையநல்லூரில் எந்த வீட்டிலும் செய்யலாம். விருந்துக்கு மறுநாள் காலை மட்டும் அதில் ஏற வேண்டாம். தண்ணீர்க் கணக்கைப் பார்த்து மனம் உடைவதில் பயனில்லை.

ஒரு நாள் நடை தவறிவிட்டால் எல்லாம் போச்சு என்று விட்டுவிடுகிறவர்களுக்காக இன்னொரு ஆய்வு. லண்டனில் பிலிப்பா லேலி 96 பேரைப் பின்தொடர்ந்தார். ஒரு புதுப் பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய நடுமதிப்பாக 66 நாள் ஆனது. இடையில் ஒரு நாள் தவறியது அந்தப் படிதலைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நிக்காஹ் அன்று நடக்க முடியவில்லையா, வலீமா விருந்து முடிந்த மறுநாள் நடங்கள். மழையானால் பட்டாசலுக்கும் வாசலுக்குமாகச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம் நடந்தாலும் இரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும்.

சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் கலைந்த நேரத்தோடு விளையாடக் கூடாது. சாப்பாட்டுக்கு முன் போடும் சில மாத்திரைகளையும் இன்சுலினையும் வழக்கமான நேரத்தில் எடுத்துவிட்டு, பந்தி தொடங்கட்டும் என்று இரண்டு மணி நேரம் காத்திருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், தலைக்கிறுகிறுப்பு என்றால் உடனே இனிப்பு எடுக்க வேண்டும். நாடு விட்டு நாடு வருபவர்கள் மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. பந்தியில் முதலில் உட்கார இடம் கேட்பதில் அவர்களுக்குக் கூச்சம் தேவையில்லை. அழைத்தவர்களும் கேட்காமலே கொடுக்கலாம்.

ஜனவரி முடிந்து எடை இறங்கவில்லையே என்று சோர்ந்து நடையை நிறுத்துபவர்களுக்கு, சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட முடிவைச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்தார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 55 விழுக்காட்டினருக்கு நோய் வந்தது. உணவைச் சீர்செய்து நடக்கப் பழகியவர்களில் அது 39.3 விழுக்காடு. அவர்களுடைய எடையோ பெரிதாகக் குறைந்திருக்கவில்லை.