விரல் எட்டாத துளையில் திருகாணி

முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022இல் புதிதாக உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த ஸ்ரீசிட்டியில், 2015இல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் கைப்பேசிகளைப் பொருத்தத் தொடங்கியது. மறு ஆண்டே இசுசூ வாகனத் தொழிற்சாலையும் அங்குத் திறக்கப்பட்டது. கைப்பேசிக்குள் இறங்கும் 1.4 மி.மீ. திருகாணியானாலும், வண்டியின் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஏறும் பெரிய திருகாணியானாலும், விரல் நுழையாத இடத்தில் அதன் முதல் மரையைப் பிடிக்கவைப்பதே பொருத்துபவரின் திறமையைச் சோதிக்கும் வேலை. மரை என்பது திருகாணியின் உடலைச் சுற்றி ஏறும் சுருள் வரி. அது துளைக்குள் இருக்கும் எதிர்மரையில் நேராக அமராமல் சாய்ந்து ஏறினால் இரண்டும் அழிந்துவிடும்.

திருகாணியைத் திருப்புளியின் நுனியிலேயே நிறுத்திவைக்கப் பெரும்பாலும் காந்தம் பயன்படுகிறது. ஆனால் காந்தம் ஈர்ப்பது சாதாரண எஃகைத்தான். பித்தளையையும், குரோமியமும் நிக்கலும் கலந்த பெரும்பாலான துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையும் அது பிடித்து நிறுத்தாது. அதனால்தான் மின்னணுத் தொழிற்சாலைகளில், நுனியைச் சுற்றிய குழாய் வழியே காற்றை உறிஞ்சித் திருகாணியைப் பற்றிக்கொள்ளும் வெற்றிடத் திருப்புளிகளும் புழங்குகின்றன. அந்த வசதி இல்லாத மிக்ஸி பழுதுபார்ப்பவர் கையில் கிரீஸ் உண்டு: அடிப்பாகத்தின் ஆழமான குழியில் இறக்கவேண்டிய திருகாணியின் தலையில் சிறிது கிரீஸைத் தடவினால், அது நுனியில் ஒட்டிக்கொண்டு கீழே இறங்கும். தலைப்பள்ளத்தில் நுனி ஆடினால் இடையில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து அழுத்துவதும், ஒட்டுநாடாவைத் திருகாணியால் குத்தி, ஒட்டும் பக்கத்தைத் திருப்புளியின் தண்டில் மடித்து ஒட்டுவதும் பயன் தரும். மரை பிடித்தபின் நாடாவை இழுத்தால் கிழிந்து வந்துவிடும்.

இவை அனைத்தும் திருகாணியைத் துளைவாய் வரைதான் கொண்டுசேர்க்கும். அதற்குப் பிறகு செய்யவேண்டியதைப் பலர் விட்டுவிடுகிறார்கள், எல்லாவற்றிலும் முக்கியமானதும் அதுதான்: திருகாணியை நேராக நிறுத்தி, மெல்ல அழுத்தியபடி முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றும் திசையில் திருப்பவேண்டும். மரையின் தொடக்க முனை எதிர்மரையின் தொடக்கத்தைத் தாண்டும் கணத்தில் திருகாணி ஒரு மரை உயரம் சட்டெனக் கீழிறங்கும். அந்தச் சிறு சொடுக்கை விரல் உணர்ந்ததும் திசையை மாற்றி முறுக்கினால், முதல் சில சுற்றுகள் எதிர்ப்பே இல்லாமல் ஓடும். இறுக்கம் தொடக்கத்திலேயே தெரிந்தால், வலுக்கட்டாயமாக முறுக்காமல் கழற்றி மீண்டும் தொடங்குவதே சரி. பிளாஸ்டிக் துளைகளில் முதலில் இடப்பக்கமாகத் திருப்புவது இன்னும் அவசியமாகிறது. ஏனெனில் அங்கே திருகாணி தானே மரையை வெட்டிக்கொண்டு ஏறுவதால், பழைய தடத்தைத் தேடாமல் முறுக்கும் ஒவ்வொரு முறையும் புதிய தடம் குறுக்கே விழுந்து, சில பழுதுபார்ப்புகளுக்குள் துளை தன் பிடிப்பை இழந்துவிடும்.