ஜிப்பும் டிச் பட்டனும் துருப்பிடிக்காமல் இருக்க...



கடலோரக் கிராமம் ஒன்றில் பை தைக்கும் குழு ஒன்று இருக்கிறது. குழுவில் கடன் எடுத்து, துணி வாங்கி, ராத்திரி பகலாக உட்கார்ந்து 60 பைகள் தைத்தார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதால் கடைக்காரர் சரக்கெடுக்க வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் பைகள் கூரைக் கொட்டகையிலேயே அடுக்கிக் கிடந்தன. மழை விட்டதும் எடுத்துப்போனவர், ஒரே வாரத்தில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்பிவிட்டார். டிச் பட்டனைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் கறை. ஜிப் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அந்த வாரக் கூட்டத்துக்கு நாங்கள் போனபோது குழுவே இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தது. "நீ அவசரப்பட்டுத் தைச்ச", "நீதான் மட்டமான ஜிப் வாங்கியாந்த" என்று ஒருவரை ஒருவர் குறை சொன்னார்கள். கடன் தவணையை யார் கட்டுவது என்கிற பேச்சும் வந்துவிட்டது. "மேடம், எங்க தையல்ல குறை இருந்தா சொல்லுங்க, ஒத்துக்குறோம்" என்றார் ஓர் அக்கா. பைகளை நடுவில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒரு பையில்கூடத் தையல் பிரியவில்லை. உப்புக் காற்றும், அதைத் தாங்காத இரும்புப் பட்டனும், பராமரிப்பு தெரியாததும்தான் காரணம்.

பை தைக்கிறவர்களுக்கு மட்டும் இல்லை. மீன் விற்கப் போகிறவரின் பணப்பை, உப்பளத்தில் வேலை செய்கிறவரின் மழைக்கோட்டு, பிள்ளைகளின் புத்தகப்பை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

ஏன் துருப்பிடிக்கிறது?

மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தால் கல் உப்பு கசிந்து நிற்கிறது அல்லவா? உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். கடல் காற்றிலும் வியர்வையிலும் உள்ள உப்பு, ஜிப்பின் பல்லிடுக்கில் படிந்து இதே வேலையைச் செய்கிறது. நாள் முழுக்க உலோகத்தை ஈரமாகவே வைத்து அரிக்கிறது.

விலை குறைந்த டிச் பட்டன் பல இரும்பில் செய்து நிக்கல் முலாம் பூசியவை. திறந்து மூடும்போது முலாம் கீறினால், அந்தக் கீறல் வழியாகத் துரு கிளம்பும். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். நைலான் ஜிப்பின் பல் துருப்பிடிக்காது. ஆனால் அதில் ஓடும் ரன்னர் பெரும்பாலும் உலோகம். ஜிப் நல்லா இருந்தும் ஓடவில்லை என்றால் முதலில் ரன்னரைப் பாருங்கள்.

வாங்கும்போதே கவனியுங்கள்

கீழே விழுந்த ஊசியைப் பொறுக்கக் காந்தம் வைத்திருப்பீர்கள். அதைப் பட்டனில் வைத்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால் இரும்பு. கடலோரத்துக்கு அது வேண்டாம். பித்தளைப் பட்டன் கொஞ்சம் விலை கூடும். ஆனால் துருக்கறை வராது. ஜிப்பில் நைலான் பல்லும் பிளாஸ்டிக் ரன்னரும் கிடைத்தால் இன்னும் நல்லது.

பராமரிப்பது எப்படி?

1. கழுவுதல்: முதலில் உப்பை எடுக்க வேண்டும். உப்பின் மேலேயே எண்ணெய் போட்டால் பிரயோஜனம் இல்லை. நல்ல தண்ணீரில் பழைய டூத் பிரஷ்ஷை நனைத்துப் பல்லிடுக்கு, ரன்னர், பட்டனின் குழி எல்லாம் தேய்த்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் கூடாது. அது உலோகத்தை அரிக்கும்.

2. உலர்த்துதல்: ஜிப்பையும் பட்டனையும் திறந்து வைத்து, காற்றோட்டமான நிழலில் நன்றாகக் காயவிடுங்கள். இதில் அவசரப்படக் கூடாது. உள்ளே ஈரம் இருக்கும்போது மேலே மெழுகு தடவினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

3. ஜிப்புக்கு மெழுகு: கரண்ட் போனால் ஏற்றும் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி போதும். ஜிப்பை மூடிவைத்து இரண்டு பக்கமும் பல்லின் மேல் தேயுங்கள். ரன்னரை ஐந்தாறு முறை மேலும் கீழும் ஓட்டுங்கள். மிச்சத்தைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

4. பட்டனுக்கு வாஸ்லின்: கடுகு அளவு போதும். காது குடையும் பஞ்சுக்குச்சியில் எடுத்துக் குமிழிலும், குழிக்குள் இருக்கும் கம்பியிலும் தடவுங்கள். நாலைந்து முறை அழுத்தித் திறந்து, வழிந்ததைத் துடையுங்கள். துணியில் பட்டால் கறையாகும். ரப்பர் பூசிய மழைக்கோட்டு என்றால் வாஸ்லின் வேண்டாம், மெழுகே போதும்.

எதைச் செய்யக் கூடாது?

தேங்காய் எண்ணெய் கைக்கு முதலில் அகப்படும். ஆனால் அது தூசியைப் பிடித்துப் பிசுக்காகும். நாள்பட்டால் சிக்கு வாடை வரும். சோப்புக்கட்டி தேய்த்தால் அன்றைக்கு ஓடும். ஈரம் பட்டதும் கரைந்து போகும். பென்சில் தேய்க்கிற பழக்கமும் உண்டு. கடலோரத்தில் அலுமினிய ஜிப்புக்கு அது ஆகாது. பென்சில் கரியும் உப்பீரமும் சேர்ந்தால் அலுமினியம் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

ஜிப் சிக்கினால் வேகமாக இழுக்காதீர்கள். மெழுகு தேய்த்து, கொஞ்சம் பின்னால் தள்ளி, பிறகு முன்னால் நகர்த்துங்கள். பித்தளையில் களிம்பு இருந்தால் குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளித்தண்ணீரால் தேய்க்கலாம். உடனே கழுவிக் காயவைத்துவிட வேண்டும். புளிப்பு தங்கினால் அதுவே அரிக்கும்.

கடலோரத்தில் மாதம் ஒரு முறையும், உள்பகுதியில் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் இதைச் செய்தால் போதும். மழைக்காலத்துக்கு முன்பு ஒரு முறை கட்டாயம் செய்யுங்கள். பைகளைத் தரையில் அடுக்காமல் பலகை மேல் வையுங்கள். ஈரத்தோடு பாலிதீன் கவரில் போட்டுக் கட்டாதீர்கள்.

முதலில் சொன்ன குழுவுக்கு வருவோம். எல்லாப் பையையும் காப்பாற்ற முடியவில்லை. துருக்கறை ஏறிய துணி சோப்புக்கு மசியவில்லை. கறை இல்லாத பைகளுக்குப் பட்டன் மாற்றி, ஜிப்பைக் கழுவி மெழுகு தேய்த்து விற்றார்கள். நஷ்டத்தை எல்லோரும் சமமாக ஏற்றுக்கொள்வது என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். குழு உடையவில்லை. இப்போது அவர்கள் தையல் மெஷின் டிராயரில் கத்தரிக்கோலோடு ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு காந்தமும் இருக்கின்றன.

அடுத்த வாரக் கூட்டத்துக்கு வரும்போது, வீட்டில் ஜிப் ஓடாத பை ஒன்றைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து செய்து பாருங்கள். பொருளில் குறை வந்தால் முதலில் பொருளைப் பாருங்கள் சகோதரிகளே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைக் குறை சொல்வது அப்புறம் இருக்கட்டும்!