பிஆர் விண்ணப்பம்: லாயர் வைக்கணுமா, நீங்களே செய்யலாமா?

திருமணம் முடிந்து உங்கள் மனைவி இந்தியாவிலிருந்து வந்திருக்கிறார். அல்லது நீங்களே எஸ் பாஸில் இங்கு வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஓடிவிட்டன. "பிஆர் போடலாமா?" என்ற பேச்சு வீட்டில் தொடங்கியதுமே யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு நம்பரை அனுப்பிவிடுவார். "இவங்ககிட்ட கொடுங்க, கண்டிப்பா கிடைச்சிடும்."

அந்த நம்பரை அழைத்தால் சில ஆயிரம் வெள்ளி கேட்பார்கள். கொடுக்கலாமா?

பெரும்பாலானோர் பிஆர் விண்ணப்பத்தைத் தாங்களாகவே செய்யமுடியும். ஆனால் சிலர் விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. நீங்கள் எந்தப் பக்கம் என்பதைக் கண்டுபிடிக்க இந்த விளக்கம் உதவும்.

யார் விண்ணப்பிக்கலாம்?

நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கக்கூடியவர்கள்:

• சிங்கப்பூரர் அல்லது நிரந்தரவாசியின் கணவன் அல்லது மனைவி
• அவர்களின் 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகள்
• சிங்கப்பூரரின் வயதான பெற்றோர்
• எம்ப்ளாய்மெண்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருப்பவர்கள்
• இங்கு படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் (குறிப்பிட்ட நிபந்தனைகளுடன்)
• முதலீட்டாளர்கள்

வொர்க் பெர்மிட்டில் இருப்பவர், அந்த வேலையின் அடிப்படையில் பிஆருக்கு விண்ணப்பிக்க முடியாது. "வொர்க் பெர்மிட்ல இருந்தாலும் நாங்க வாங்கித் தருவோம்" என்று யாராவது சொன்னால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

முடிவு யார் கையில்?

குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் கையில். சுருக்கமாக ஐசிஏ.

சிங்கப்பூரருடன் குடும்பத் தொடர்பு, பொருளியல் பங்களிப்பு, கல்வித் தகுதி, வயது, குடும்பச் சூழல், இங்கு வசித்த காலம் ஆகியவற்றை ஆணையம் பார்க்கிறது. இங்கு வேரூன்ற விரும்புகிறாரா, சமூகத்துடன் ஒன்றிப் போவாரா என்பதும் கணக்கில் வரும். இவ்வளவு புள்ளி எடுத்தால் தேர்ச்சி என்று பொதுவில் வெளியிடப்பட்ட பட்டியல் எதுவும் இல்லை.

2023ஆம் ஆண்டில் 34,491 பேருக்கு நிரந்தரவாசம் கிடைத்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், ஐசிஏ காரணம் சொல்வதில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். காரணமே சொல்லப்படாத ஒரு முடிவில், "எங்களால்தான் கிடைத்தது" என்று யாராலும் நிரூபிக்க முடியாது. "90 விழுக்காடு வெற்றி" என்பதற்கும் அதே கதிதான். ஏற்கெனவே கிடைக்க வாய்ப்புள்ளவர்களை மட்டும் வாடிக்கையாளராக எடுத்துக்கொண்டால் அந்த எண் தானாகவே உயரும்.

குடிநுழைவுச் சேவை வழங்கும் எந்தத் தனியார் நிறுவனத்துடனும் தனக்குக் கூட்டு இல்லை என்றும், அவர்கள் வழியாக வரும் விண்ணப்பங்களுக்குச் சலுகை தருவதில்லை என்றும் ஐசிஏ தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

லாயர், ஏஜென்ட், கன்சல்டன்ட்: எல்லாரும் ஒன்றா?

இல்லை. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

வழக்கறிஞர்: சட்ட ஆலோசனை சொல்ல உரிமம் பெற்றவர். அவருக்குத் தொழில் நெறி உண்டு. தவறு செய்தால் வழக்கறிஞர் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். நீங்கள் அவரிடம் சொல்வதை ரகசியமாக வைத்திருக்கும் கடமையும் அவருக்கு உண்டு.

வேலைவாய்ப்பு முகவர்: வேலை அனுமதிகளுக்கு விண்ணப்பிக்க மனிதவள அமைச்சின் உரிமம் பெற்றவர். அந்த உரிமம் பிஆர் விஷயத்தில் அவருக்குத் தனிச் செல்வாக்கு எதையும் தராது.

பிஆர் கன்சல்டன்ட்: ஆவணங்களை அடுக்கித் தருவார், கடிதம் எழுதித் தருவார். அலுவலகமும் இணையத்தளமும் பளபளப்பாக இருக்கலாம். அதற்காக அவர் வழக்கறிஞர் ஆகிவிடமாட்டார்.

ஆகவே முதல் கேள்வி: "உங்க நிறுவனம் சட்ட நிறுவனமா? என் ஃபைலைப் பார்க்கப் போறவர் லாயரா?" பதிலைக் கேட்டுவிட்டு, சட்ட அமைச்சின் இணையத்தளத்திலோ வழக்கறிஞர் சங்கத்தின் தளத்திலோ அவர் பெயரைத் தேடிப் பாருங்கள்.

நீங்களே செய்யக்கூடியவை

விண்ணப்பம் இணையத்தில்தான். சிங்பாஸ் வழியாக நுழைந்தால் உங்கள் விவரங்களில் ஒரு பகுதி தானாகவே வந்துவிடும். மற்றபடி பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ்கள், சம்பள விவரம், திருமணச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். வேலை செய்பவர் என்றால் முதலாளி நிரப்பித் தரவேண்டிய பாரமும் உண்டு. முதலாளியிடம் அதைக் கேட்கும் சங்கடத்தைக் காசு கொடுத்துத் தவிர்க்க முடியாது. எப்படியும் நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

விண்ணப்பக் கட்டணம், நிராகரிக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. முடிவு தெரியப் பொதுவாகப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு இன்னும் நீளும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடங்கள் இரண்டு.

ஒன்று, மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு வேண்டும். ஆவணத்தை வழங்கிய நாட்டின் தூதரகமோ, நோட்டரியோ செய்து தரலாம். வேறொருவர் மொழிபெயர்த்திருந்தால் தூதரகமோ நோட்டரியோ அதற்குச் சான்றளிக்க வேண்டும். சிங்கப்பூரில் நோட்டரியாக இருப்பவர்கள் அனுபவமுள்ள வழக்கறிஞர்கள். ஆனால் இதற்காக அவரிடம் முழு விண்ணப்பத்தையும் ஒப்படைக்கத் தேவையில்லை. அந்த ஒரு ஆவணத்துக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.

இரண்டு, பெயர். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், பழைய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இது புதிதல்ல. ஐசிஏ அதிகாரி உங்கள் வீட்டு வழக்கத்தை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். எந்தப் பெயர் எங்கே எப்படி இருக்கிறது என்பதை எளிமையாக விளக்குங்கள். பெயரைச் சேர்க்கவோ திருத்தவோ வேண்டுமென்றால் ஊரில் உள்ள அலுவலகத்தில் முதலில் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். இந்த வேலைக்குப் பொறுமைதான் வேண்டும், லாயர் வேண்டியதில்லை.

எப்போது லாயரைப் பார்க்கவேண்டும்?

உங்கள் விவரங்களை எழுதும்போது, "இதைச் சொல்லணுமா, வேண்டாமா?" என்று ஓரிடத்தில் கை தயங்குகிறதா? அந்த இடத்தில்தான் சட்ட ஆலோசனை தேவை. குறிப்பாக இந்தச் சூழல்களில்:

• முந்தைய திருமணம். விவாகரத்து வெளிநாட்டில் நடந்திருக்கிறது, அல்லது இன்னும் முழுமையாக முடியவில்லை. முதல் திருமணத்துப் பிள்ளையைச் சேர்த்து விண்ணப்பிக்கிறீர்கள், ஆனால் பிள்ளை யார் பொறுப்பில் என்பதற்கான நீதிமன்ற ஆணை கையில் இல்லை.

• குற்றப் பதிவு, அனுமதி முடிந்தும் தங்கியது, அல்லது முன்பு நாட்டுக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது.

• வொர்க் பெர்மிட்டும் திருமணமும். வொர்க் பெர்மிட் வைத்திருப்பவர், அல்லது முன்பு வைத்திருந்தவர், சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணப்பதற்கு முன் மனிதவள அமைச்சின் அனுமதி பெறவேண்டும். பெர்மிட் முடிந்து ஊர் திரும்பிய பிறகும் இது பொருந்தும். திருமணம் ஊரில் நடந்தாலும் பொருந்தும். அனுமதி வாங்காமல் தாலி கட்டியாகிவிட்டது என்றால், அடுத்து என்ன செய்வது என்று ஆலோசனை கேளுங்கள்.

• முன்பு கொடுத்த தகவலில் பிழை. பழைய விண்ணப்பம் ஒன்றில் ஏஜென்ட் தவறான படிப்பையோ சம்பளத்தையோ எழுதியிருந்தால், புதிய விண்ணப்பம் அதோடு முரண்படும்.

• மகன்கள். பெற்றோர் வழியாக நிரந்தரவாசியாகும் ஆண் பிள்ளைகளுக்குத் தேசிய சேவைக் கடமை உண்டு. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தைக் கைவிட்டால், பின்னாளில் இங்கு படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது பாதிக்கும். கடமையைத் தவிர்ப்பவருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இதற்கு உடனே லாயர் தேவைப்படாமல் இருக்கலாம். ஆனால் விண்ணப்பத்தில் பையனின் பெயரைச் சேர்ப்பதற்கு முன், பையனையும் உட்காரவைத்துப் பேசிவிடுங்கள். சேவை செய்யப்போவது அவன்தான்.

கையெழுத்து உங்களுடையது

யார் நிரப்பினாலும், விண்ணப்பத்தில் உள்ளவை உண்மை என்று உறுதிகூறுவது நீங்கள். குடிநுழைவுச் சட்டத்தின்கீழ்ப் பொய்த் தகவல் கொடுத்தால் 4,000 வெள்ளி வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கிடைத்த நிரந்தரவாசமும் பறிபோகலாம். "ஏஜென்ட்தான் எழுதினார், நான் படிக்கல" என்பது உங்களைக் காப்பாற்றும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அனுமதிக்காகப் போலித் திருமணம் செய்வது அதைவிடக் கடுமையான குற்றம். 10 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ஏற்பாடு செய்து கொடுக்கும் இடைத்தரகரும் தப்ப முடியாது.

இன்னொன்று: சிங்பாஸ் மறைச்சொல்லை எந்த ஏஜென்டிடமும் கொடுக்காதீர்கள். "நாங்களே உள்ளே போய்ப் போட்டுடறோம்" என்றால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பிஆர் விண்ணப்பம் மட்டுமல்ல, உங்கள் மத்திய சேமநிதி, வரி விவரங்கள் வரை திறக்கும் சாவி அது.

நிராகரிச்சுட்டாங்க. இப்போ லாயர் உதவுவாரா?

பலரும் லாயரைத் தேடுவது இந்தக் கட்டத்தில்தான். நீதிமன்றத்துக்குப் போனால் முடிவு மாறும் என்ற நம்பிக்கை. ஆனால் குடிநுழைவுச் சட்டத்தின் 39ஏ பிரிவு, ஆணையத்தின் முடிவுகளை நீதிமன்றம் மறுஆய்வு செய்வதற்கு இடம் தருவதில்லை. சட்டம் சொன்ன நடைமுறை பின்பற்றப்பட்டதா என்ற கேள்விக்கு மட்டும் விலக்கு உண்டு. "எனக்குத் தகுதி இருக்கு, ஏன் தரல?" என்று வழக்குப் போட முடியாது.

மேல்முறையீடு செய்யலாம், மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே தகவலை அழகான ஆங்கிலத்தில் திரும்ப எழுதுவதால் பெரிய மாற்றம் வராது. குழந்தை பிறந்தது, சம்பளம் உயர்ந்தது, படிப்பை முடித்தது என்று உங்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறியிருக்க வேண்டும்.

காத்திருக்கும் காலத்தில் சேர்ந்து வாழ வழி இல்லையா? இருக்கிறது. சிங்கப்பூரரின் கணவனோ மனைவியோ நீண்டகால வருகை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். திருமணத்துக்கு முன்பே, அந்த அனுமதி கிடைக்க வாய்ப்பு உண்டா என்று ஐசிஏயிடம் மதிப்பீடு கேட்கலாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது.

பணம் கட்டும் முன் கேளுங்கள்

ஆலோசித்த பிறகும் உதவி வேண்டும் என்று முடிவு செய்தால், இவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்:

1. மொத்தம் எவ்வளவு? ஐசிஏ கட்டணமும் மொழிபெயர்ப்பும் அதில் அடங்குமா?
2. அந்தப் பணத்துக்கு என்னென்ன செய்து தருவீர்கள்? மேல்முறையீட்டுக்குத் தனிக் கட்டணமா?
3. நடுவில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?
4. சமர்ப்பிக்கும் முன் முழு விண்ணப்பத்தையும் நான் படித்துப் பார்க்கலாமா?

"உறுதி" என்ற சொல் வந்தால் எழுந்து வந்துவிடலாம். "உள்ளே ஆள் இருக்கு" என்றால் வேகமாகவே எழுந்துவிடுங்கள்.

முழு விண்ணப்பத்தையும் ஒப்படைப்பதற்குப் பதில், ஒரே ஒரு ஆலோசனை நேரத்துக்கு மட்டும் லாயரிடம் கட்டணம் கொடுத்துச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு, மீதியை நீங்களே செய்யலாம். பலருக்கு இதுவே போதும்.

காசில்லாமல் எங்கே கேட்கலாம்?

ஐசிஏ இணையத்தளத்தில் ஆவணப் பட்டியல் முழுமையாக இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

புரோ போனோ எஸ்ஜி அமைப்பு இலவசச் சட்ட ஆலோசனை நிலையங்களை நடத்துகிறது. உங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். விவாகரத்து, பிள்ளைப் பொறுப்பு போன்றவற்றில், வசதி குறைந்த சிங்கப்பூரருக்கும் நிரந்தரவாசிக்கும் அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவு கைகொடுக்கும்.

தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கும் போகலாம். அவர் உங்கள் சூழலை விளக்கி ஐசிஏக்குக் கடிதம் எழுதலாம். முடிவு அப்போதும் ஐசிஏயுடையதுதான். ஆனால் அந்தக் கடிதத்துக்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்துவிட்டீர்களா? ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காதீர்கள். பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். சேவை ஒப்பந்தம் தொடர்பாக 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, 2 ஆண்டுக்குள், சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே உங்கள் சார்பில் வாதாட லாயருக்கு அனுமதி இல்லை. உங்கள் பக்கத்தை நீங்களே சொல்லவேண்டும்.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

ஒரு தாளை எடுங்கள். உங்கள் பெயர் எந்தெந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறது, இதுவரை எந்தெந்த அனுமதியில் இங்கு இருந்தீர்கள், முந்தைய திருமணம், வழக்கு ஏதும் உண்டா என்று எழுதுங்கள். எழுதி முடித்ததில் தயக்கம் எதுவும் இல்லை என்றால், சிங்பாஸைத் திறந்து தொடங்கலாம். ஒரு வரியில் பேனா நின்றுவிட்டால், அந்த வரியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள்.