தொட்டிலருகே வரும் நெடி

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை செல்லும் சாலையில் ஒரு முறை பேருந்தில் போய்ப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டே வழியைச் சொல்லிவிடலாம். ஊறிய தென்னை மட்டையின் புளித்த நாற்றம் வந்தால் பக்கத்தில் நார் ஆலை இருக்கிறது. எண்ணெய் மணம் வந்தால் களத்தில் கொப்பரை காய்கிறது. கண்ணைக் கரிக்கும் புகை வந்தால் எங்கோ தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குகிறார்கள். தேங்காய்த் தொட்டி என்பது கொங்குநாட்டுப் பேச்சு. மற்ற ஊர்க்காரர்கள் கொட்டாங்குச்சி என்றோ சிரட்டை என்றோ சொல்வார்கள்.

உங்கள் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்சொன்னவற்றில் எதை அதன் அருகில் விடக்கூடாது? “எது அதிகமாக நாறுகிறதோ, அதை” என்று உடனே சொல்லத் தோன்றும். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் குழந்தைக்குப் பெருந்தீங்கு செய்யும் வாயு ஒன்றுக்கு மணமே கிடையாது. நாம் நல்ல மணம் என்று ஆசையோடு வீட்டுக்குள் கொண்டுவரும் சில பொருள்களும் குழந்தைக்கு ஆகாதவை. மட்டையின் நாற்றமோ மூக்கைச் சுளிக்க வைப்பதோடு போய்விடுகிறது.

ஏன் இப்படி? ஒரு பொருளிலிருந்து பிரிந்து காற்றில் மிதந்து வரும் மூலக்கூறுகள் மூக்கின் உட்புறத்தில் உள்ள நரம்பு நுனிகளைத் தொடும்போது மணம் தெரிகிறது. எல்லா மூலக்கூறுகளும் அந்த நுனிகளில் பொருந்துவதில்லை. பொருந்தாதது நுரையீரலுக்குள் நுழையாமல் நின்றுவிடுமா? நிற்காது. மேலும் மூக்கு விரைவில் சலித்துப்போகும் உறுப்பு. ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தருகே வைத்து மூன்று நிமிடம் மெல்ல மூச்சு விடுங்கள். மணம் மங்கிக்கொண்டே வரும். வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி வந்து முகர்ந்தால் மறுபடியும் ‘குப்’பென்று அடிக்கும். தூள் குறையவில்லை, மூக்குதான் ஓய்வெடுத்துக்கொண்டது. அந்துருண்டை போட்ட அறையில் இருப்பவர்கள் “எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே” என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இனி குழந்தையின் மூச்சைக் கவனிப்போம். நீங்கள் நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை மூச்சு விடுகிறீர்கள். பிறந்த குழந்தை 40 முதல் 60 முறை மூச்சு விடுகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு எவ்வளவு காற்று என்று கணக்கிட்டால், பெரியவர்களைப் போல் இரு மடங்குக்கு மேல் அது உள்ளே இழுக்கிறது. காற்றில் கலந்திருப்பதையும் அதே விகிதத்தில் இழுக்கிறது. வளர்ந்தவர் நுரையீரலில் 30 கோடிக்கு மேல் காற்றறைகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது சில கோடிதான் இருக்கும், மீதி இனிமேல்தான் உண்டாக வேண்டும். வாயால் மூச்சு விடவும் அதற்குச் சரியாகப் பழகவில்லை. எழுந்து வேறு அறைக்குப் போகவோ, “நெடி தாங்கவில்லை” என்று சொல்லவோ முடியாது.

ஆனால் முகரும் திறனில் அது பின்தங்கியதல்ல. 1975-இல் ஆக்ஸ்போர்டில் எய்டன் மெக்ஃபார்லேன் என்ற மருத்துவர் ஓர் எளிய சோதனை செய்தார். தாய் மார்பில் வைத்திருந்த பஞ்சுப் பட்டையைக் குழந்தையின் ஒரு கன்னத்தருகிலும், வேறொரு தாயின் பட்டையை மறு கன்னத்தருகிலும் வைத்தார். இரண்டு நாள் குழந்தைக்கு வேறுபாடு தெரியவில்லை. ஆறு நாள் ஆனதும் குழந்தைகள் தம் தாயின் பட்டைப் பக்கமே அதிக நேரம் முகத்தைத் திருப்பின. குழந்தைக்கு வாசனைப் பவுடர் கொட்டி, அத்தர் தடவி மகிழ்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். யாருக்காக அந்த வாசனை?

அம்மாயி வீட்டுப் பெட்டி

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண்ணுக்காக அம்மாயி தகரப் பெட்டியைத் திறக்கிறார். தொட்டில் கட்ட ஒரு பழைய பருத்திச் சேலை, போர்த்த ஒரு துணி, கிழித்துத் துண்டாக்க இரண்டு வேட்டிகள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணிகள். குழந்தைக்கு அவற்றைவிட உகந்தது இல்லை. ஒரே ஒரு குறை. பூச்சி அரிக்காமல் இருக்கப் பெட்டியில் அந்துருண்டை போடப்பட்டிருக்கிறது.

பதங்கமாதல் என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். திண்மம் உருகாமல் நேரே ஆவியாவது. எடுத்துக்காட்டாக ஆசிரியர் கற்பூரத்தையும் நாப்தலீனையும் சொல்லியிருப்பார். அந்த நாப்தலீன்தான் பழைய அந்துருண்டை. பெட்டிக்குள் ஆவியானது துணியின் இழைகளில் தங்குகிறது. தொட்டிலில் படுத்த குழந்தை அந்த ஆவியை இரவெல்லாம் சுவாசிக்கிறது. நாப்தலீன் நீரில் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். ஆகவே தேங்காய் எண்ணெய் தடவிய தோலின் வழியாக உடலுக்குள் செல்வதும் எளிதாகிவிடுகிறது.

உள்ளே சென்றபின் என்ன ஆகிறது? நாப்தலீனிலிருந்து உடலில் உண்டாகும் சில பொருள்கள் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்குகின்றன. இதைச் சமாளிக்கச் சிவப்பணுவில் ஜி-6-பி-டி என்ற நொதி உதவுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. பிரிமாகுவின் என்ற மலேரியா மருந்து சிலருக்கு மட்டும் ஏன் இரத்தச் சோகையை உண்டாக்குகிறது என்று ஆராய்ந்தபோது, 1956-இல் இந்தக் குறைபாடு தெரியவந்தது. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் குழந்தைகளே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். நம் நாட்டிலும் இக்குறைபாடு உள்ளவர்கள் இருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனை செய்தாலன்றி வெளியே தெரியாது.

சிவப்பணுக்கள் கூட்டமாக உடைந்தால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் பெருகும். அதை வெளியேற்றும் வேலையைப் பச்சிளங்குழந்தையின் ஈரல் இன்னும் முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. மஞ்சள் காமாலை முற்றும். மிகுதியான பிலிருபின் மூளையில் படிந்தால் காது கேளாமை முதல் மரணம் வரை நேரலாம். 1963-இல் கிரேக்க மருத்துவர்கள் இவ்வாறு நாப்தலீனால் பாதிக்கப்பட்ட 21 பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இரண்டு குழந்தைகள் இறந்துவிட்டன. பெரும்பாலான குழந்தைகளின் உடலுக்குள் நாப்தலீன் மூச்சின் வழியாகவே போயிருந்தது. எல்லோருக்கும் நொதிக் குறைபாடு இருந்ததாகவும் சொல்ல முடியாது. எனவே “எங்கள் குடும்பத்தில் அப்படி எதுவும் இல்லை” என்பது போதிய காப்பு ஆகாது.

செய்ய வேண்டியதோ சுலபம். குழந்தைத் துணிப் பெட்டியில் அந்துருண்டையே வேண்டாம். காய்ந்த வேப்பிலை போதும். ஏற்கெனவே போட்டிருந்தால், குழந்தை பிறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்பே துணிகளை எடுத்து, துவைத்து, நெடி முற்றிலும் போகும்வரை வெயிலிலும் காற்றிலும் உலர்த்த வேண்டும்.

சாம்பிராணி

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியபின் குழந்தைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம். தலையில் ஈரம் தங்கக் கூடாது என்பது பெரியவர்களின் கவலை. கவலை நியாயமானது, வழிதான் சரியில்லை. தூபக்காலில் தணலாக இருப்பது பெரும்பாலும் தேங்காய்த் தொட்டிக் கரி. கரி போதிய ஆக்சிஜன் இல்லாமல் கனலும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. முதலில் சொன்ன, மணமே இல்லாத வாயு இதுதான். நிறமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் இது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பற்றுடன் ஒட்டிக்கொண்டு, ஆக்சிஜனுக்கு இடமில்லாமல் செய்துவிடும். சாம்பிராணியின் நறுமணம் மூக்கை ஈர்த்துக்கொண்டிருக்க, சத்தமில்லாமல் இது உள்ளே போகிறது. புகையில் உள்ள நுண்துகள்களோ மூச்சுக்குழாயில் அழற்சியை உண்டாக்கும். கரித்தூளோடு சேர்த்துக் கட்டியாக விற்கப்படும் கம்ப்யூட்டர் சாம்பிராணியும் இதற்கு விலக்கல்ல. தலையை மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தால் ஈரம் போய்விடும். பாட்டியிடம் இதை எதிர்த்துப் பேச வேண்டாம், “இன்றைக்கு நான் துவட்டிவிடட்டுமா?” என்று துண்டோடு போய் நில்லுங்கள்.

கொசுவர்த்திச் சுருளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று கண்டார்கள். கொசுவலை வாங்கிக் கட்டுங்கள்.

விறகடுப்புப் புகையைப் பற்றி நம் மாநிலத்திலேயே பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்துக்கொண்ட ஆய்வு அது. இந்தியாவில் நடந்த இடங்கள் கள்ளக்குறிச்சியும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகத் தந்தார்கள். அவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராமிலிருந்து 24-க்கு இறங்கியது. ஆனால் 2022-இல் முடிவு வெளியானபோது, இரு பிரிவுக் குழந்தைகளின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எதிர்பார்த்தது கிடைக்காதபோது அதை அப்படியே வெளியிட்டார்களே, அதைப் பாராட்ட வேண்டும். இதைக்கொண்டு புகை தீங்கற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த ஆண்டுச் சராசரி அளவு 5 மைக்ரோகிராம்தான். 24 என்பது அதற்கு வெகு மேலே. நம் அடுப்பை மாற்றினாலும் பக்கத்து வீட்டுப் புகை சுவர் தாண்டி வருகிறது.

தரையில் தங்கும் நஞ்சு

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிகளை ஒழிக்க மருந்து வைத்தார்கள். குடும்பம் குளிர்சாதன அறையில் தூங்கியது. மருந்தின் நெடியைச் சுவாசித்து ஆறு வயதுச் சிறுமியும் ஒரு வயதுக் குழந்தையும் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அறைக் குளிர்சாதனப் பெட்டி பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதைப் பலர் அறியார்கள்.

தானிய மூட்டைகளுக்கும் எலி வளைகளுக்கும் பயன்படும் மருந்துகளில் பாஸ்பைடு என்று ஒரு வகை உண்டு. காற்றின் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வரும். அதன் மூலக்கூறு எடை 34. காற்றின் சராசரி 29. ஆகவே அது தாழ்வான இடங்களில் தங்க முனையும். பாயில் படுத்திருக்கும் குழந்தையின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கசியும் சமையல் எரிவாயுவும் இப்படியே தரையோடு பரவும். அதில் நாற்றமடிக்கும் மெர்காப்டனை வேண்டுமென்றே கலந்திருப்பதால் நாம் தப்பிக்கிறோம். பாஸ்பைடு மருந்துகளைப் பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே கையாள வேண்டும், அதுவும் ஆள் படுக்கும் இடத்துக்கு எட்டாத தொலைவில். சோள மூட்டைக்கு மாத்திரை வைத்த அறையின் அடுத்த அறையில்கூடத் தொட்டில் கட்டக் கூடாது.

பொள்ளாச்சிக்கு ஒரு நற்பேறு உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடி மாதத்தில் வீசும் காற்று வீட்டை நன்றாகக் கழுவிவிடும். குளிருமே என்று அப்போதுதான் சன்னல்களை அடைக்கிறோம்! குழந்தைக்கு நேரே காற்று படாமல் தொட்டிலை ஒதுக்கிவிட்டு, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

குழந்தையின் கண்ணும் தோலும் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். வீட்டில் அந்துருண்டை இருக்கிறதா என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். மருந்து நெடியோ கரிப்புகையோ சூழ்ந்த அறையில் குழந்தை மூச்சுத் திணறினால், முதலில் வெளியே தூக்கி வாருங்கள், பிறகு 108-க்குத் தொலைபேசி செய்யுங்கள். மருந்து டப்பாவையும், அதை முகர்ந்து பார்க்காமல், மூடி உறையிலிட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.