புகையில் முதிர்ந்த முகமூடிகள்

கானாவின் தலைநகர் அக்ராவில், கடற்கரையை ஒட்டிய கலை மையத்துக்குப் போகிறவர்கள் அதிகம் கேட்கும் சொல் "பழசு". தாத்தா காலத்து முகமூடி, அரசர் வீட்டு முக்காலி, இருநூறு வருஷத்துப் பித்தளை என்று கடைக்குக் கடை வருஷம் ஏறிக்கொண்டே போகும். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். மாலி, புர்க்கினா பாசோ, ஐவரி கோஸ்ட் முகமூடிகளும் அங்கே வந்து தொங்குகின்றன. அவற்றில் பெரும்பாலானவை பழையவை அல்ல, பழசாக்கப்பட்டவை.

பழசாக்குவதும் ஒரு கைத்தொழில்தான். புதிதாகச் செதுக்கிய மரத்தை ஈரமண்ணில் புதைப்பார்கள், கரையானுக்குக் கொஞ்சம் தின்னக் கொடுப்பார்கள், அடுப்புப் புகையில் தொங்கவிடுவார்கள், மேலே ஷூ பாலிஷ் தேய்ப்பார்கள். பித்தளைக்கு அமிலம். நிஜமாகவே ஆட்டத்தில் கட்டிய முகமூடி என்றால் உட்புறத்தில் நெற்றியும் மூக்கும் உரசிய இடங்கள் மட்டும் வழுவழுப்பாகியிருக்கும், துளைகளில் கயிறு அறுத்த தடம் இருக்கும். போலியில் தேய்மானம் எங்கும் ஒரே சீராக இருக்கும். கெட்டிக்காரப் போலிக்காரர்களுக்கு இதுவும் தெரியும் என்பதால், இந்தச் சோதனையை முழுசாக நம்பவும் முடியாது.

என்னைக் கேட்டால், இங்கே மனம் பறிகொடுக்க வேண்டியவை அசாந்தி மக்களின் தங்கம் நிறுக்கும் எடைக்கற்கள். உள்ளங்கையில் அடங்கும் பித்தளை உருவங்கள். மெழுகில் செய்து, மண் பூசி, உருக்கி வார்த்தவை. சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளும் அதே மெழுகு வார்ப்பு முறை. தங்கத்தூளே காசாகப் புழங்கிய நூற்றாண்டுகளில் வியாபாரி ஒவ்வொருவரும் தராசோடு ஒரு பை நிறைய இவற்றை வைத்திருந்தார். பறவை, மீன், நாற்காலி என்று எதுவும் எடைக்கல் ஆகலாம். பல உருவங்களுக்குப் பின்னால் பழமொழி இருக்கிறது. இரண்டு முதலைகளுக்கு ஒரே வயிறு. ஆனாலும் சாப்பாட்டுக்குச் சண்டை போடுகின்றன! குடும்பப் பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரின் நாணயம் வந்ததும் எடைக்கற்களுக்கு வேலை போயிற்று. இன்று சந்தையில் கிடைப்பவை அனேகமாகப் பயணிகளுக்கென்றே வார்த்தவை. அழகுக்கு வாங்கலாம், வயதுக்கு விலை கொடுக்கக் கூடாது.

நிஜமான பழம்பொருட்களின் கதை வேறு. 1874இல் ஆங்கிலேயப் படை அசாந்தி அரசின் தலைநகர் குமாசியில் அரண்மனையைக் கொள்ளையடித்தது. அந்தத் தங்கப் பொருட்களிலும் அரச சின்னங்களிலும் பல லண்டன் அருங்காட்சியகங்களுக்குப் போயின. 2024இல்தான் பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமும் 32 பொருட்களைக் குமாசிக்கு அனுப்பின, அதுவும் இரவலாக. சொந்தக்காரருக்கே இரவல்! அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் ஃபௌலர் அருங்காட்சியகம் ஏழு பொருட்களை நிபந்தனையின்றித் திருப்பிக் கொடுத்தது. வடக்கு கானாவின் கோமா பகுதியிலோ, சுடுமண் உருவங்களுக்காகத் திருட்டுத்தனமாகத் தோண்டிய குழிகள் ஆய்வாளர்களுக்கு மிஞ்ச வேண்டிய மண்ணைக் குலைத்துப்போட்டன. அந்தக் குழிகளைத் தோண்ட வைத்தது வாங்குகிறவர்களின் காசு.

ஆகவே செய்கிற இடத்துக்கே போவது மேல். குமாசிக்கு அருகில் போன்வைர் கிராமத்தில் கெண்டே நெசவு. தறிக்கயிறுகளைக் கால்விரல்களில் இடுக்கி இயக்கி, சுமார் நான்கு அங்குல அகலப் பட்டைகளாக நெய்கிறார்கள். பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்தால்தான் துணி. கடையில் தையலே இல்லாத அகலத் துணியைக் கெண்டே என்று நீட்டினால் அது பெரும்பாலும் அச்சடித்தது. 2024இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் கெண்டே சேர்ந்துவிட்டது. அங்கிருந்து ந்தொன்சோ பக்கம் போனால் சுரைக்குடுக்கை ஓட்டில் வெட்டிய அச்சுகளால் அடிங்க்ரா துணியில் சின்னங்கள் பதிப்பதைப் பார்க்கலாம்.

க்ரோபோ பகுதியின் மணிகள் இன்னும் எளிமையானவை. காலி பாட்டில்களை இடித்துத் தூளாக்கி, களிமண் அச்சில் நிரப்பி, துளைக்காக நடுவே மரவள்ளி இலைக்காம்பைச் செருகி, சூளையில் வைக்கிறார்கள். காம்பு எரிந்துபோக, ஓட்டை மிஞ்சும். கழுத்தில் போடுவதற்கு முன்பு அது பீர் பாட்டில்! அந்தப் பகுதியின் அகோமன்யா சந்தை புதனும் சனியும் கூடுகிறது.

பேரம் பேசலாம், கலை மையத்தில் தாராளமாகவே பேசலாம். தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது.

யாராவது பழம்பொருள் என்று அடித்துச் சொன்னால், ஒரு கேள்வி போதும். கானாவிலிருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோக அருங்காட்சியக, நினைவுச்சின்ன வாரியத்தின் அனுமதி வேண்டும். "வாங்க, வாரியத்தில் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளலாம்" என்று சொல்லிப் பாருங்கள். இருநூறு வருஷம் சட்டென்று இருபதாகும்.