இருமல் நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

ஐந்து விரலும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும் இது பொருந்தும். ஒரே கிருமியிலிருந்து பிறந்து, ஒரே இடத்தில் வளர்ந்து, ஒரே உணவைத் தின்ற கிருமிகள்கூட ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்ற கேள்விக்கு விடை இதில்தான் இருக்கிறது.

சாதாரணக் காசநோய்க்குச் சிகிச்சை ஆறு மாதம். தொடங்கிய சில வாரங்களிலேயே காய்ச்சல் விடுகிறது, இருமல் குறைகிறது, பசி எடுக்கிறது. இரண்டு மாத முடிவில் பலருக்குச் சளியில் கிருமி தென்படுவதில்லை. 'உடம்புதான் தேறிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?' என்று தோன்றுவது இயற்கை.

பிழைப்புக்காக வெளி மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மாத்திரை விட்டுப்போகச் சந்தர்ப்பங்களும் அதிகம். பொங்கலுக்கோ கோயில் கொடைக்கோ ஊருக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கிடைக்காது. அறையில் உடன் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம் வேறு. இப்படிப் பாதியில் விட்ட சிகிச்சை, போன நோயைத் திரும்ப அழைத்து வந்துவிடுகிறது.

பென்சிலினுக்குத் தப்பியவை

1944-ம் ஆண்டில் அயர்லாந்து நாட்டு டாக்டர் ஜோசப் பிக்கர், புண்ணில் சீழ் வைக்கும் கிருமிகளை வளர்த்து, அவற்றின் மீது பென்சிலினைச் செலுத்திப் பார்த்தார். ஏறக்குறைய எல்லாமே மடிந்தன. ஆனால், பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில் சில பிழைத்துக் கிடந்தன.

அவை மருந்தையே வெல்லும் புதிய வகையோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. தப்பியவற்றை எடுத்து மறுபடி பெருக்கி, அதே பென்சிலினைக் கொடுத்தபோது சந்தேகம் தீர்ந்தது. அந்தச் சந்ததியும் முன்போலவே மடிந்தது. முன்போலவே ஒரு சில மட்டும் தப்பின. அப்படியானால் அவை வேறு சாதி அல்ல, அதே கிருமிதான். மருந்து வந்த நேரத்தில் வேலை செய்யாமல் உறங்கிக் கிடந்தவை என்று பிக்கர் கருதினார்.

இதற்குக் காரணம் உண்டு. கிருமி வளரும்போது தன் உடலைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்கிறது. பென்சிலின் அந்தக் கட்டுமானத்தைக் கெடுக்கும் மருந்து. வேலை நடக்கும் கட்டடத்தில் சாரத்தை உருவினால் சுவர் சரியும். வேலையே நடக்காத இடத்தில் உருவுவதற்குச் சாரம் ஏது?

அறுபது ஆண்டுகள் கழித்து, 2004-ல், நாதலி பாலபன் என்ற பெண் விஞ்ஞானியின் குழு இதை நேரிலேயே பார்த்தது. குடலில் வாழும் ஈ-கோலை கிருமிகளைத் தனித்தனியே கவனிக்கும்படி வைத்து, மைக்ராஸ்கோப் மூலம் படம் பிடித்தார்கள். தப்பிய கிருமிகள் மருந்தைக் கண்டு ஒடுங்கியவை அல்ல. மருந்து வருவதற்கு முன்பிருந்தே வளர்ச்சி மந்தமாக இருந்தவை.

பாகப்பிரிவினையில் பேதம்

ஒன்றிலிருந்து பிறந்தவற்றுக்குள் இந்த வேற்றுமை ஏன்? கிருமியின் உடலில் சில பொருள்கள் இரு கைவிரல் எண்ணிக்கையில்தான் இருக்கும். அது இரண்டாகப் பிரியும்போது ஒன்றுக்கு ஆறு, மற்றதற்கு நான்கு என்று பங்கு மாறிப்போகலாம். அந்தச் சிறு பேதமே ஒன்றை ஓடவும் மற்றதை உறங்கவும் வைக்கப் போதும்.

காசநோய்க் கிருமியின் இனத்தில் இந்தப் பேதம் இன்னும் அதிகம் என்பது 2012-ல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில் தெரிந்தது. குச்சி போன்ற இக்கிருமி இரண்டு முனையிலும் சமமாக வளர்வதில்லை. அது பிரியும்போது, வளர்கிற முனை ஒரு பிள்ளைக்குப் போகிறது. மற்றப் பிள்ளை புதிதாக ஒரு முனையை உண்டாக்கிக்கொண்டுதான் வளர வேண்டும். ஆகவே, ஒரு பிரிவில் பிறந்த இரண்டும் அளவிலும் வேகத்திலும் மாறுபடுகின்றன. மருந்துக்கு மடிவதிலும் மாறுபடுகின்றன.

நான்கு மருந்து ஏன்?

தகுந்த உணவு கிடைத்தால் ஈ-கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ இருபது மணி நேரம் பிடிக்கும். வேகமாக வளர்வதே இப்படி என்றால், உறங்குவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நுரையீரலில் உள்ள கிருமிகளை நிலைமைக்கேற்பப் பல கூட்டங்களாகப் பிரித்துக் காட்டினார் பிரிட்டிஷ் விஞ்ஞானி டெனிஸ் மிட்சிசன். சுறுசுறுப்பாகப் பெருகுபவற்றை ஐசோனியசிட் விரைவில் கொல்லும். அவ்வப்போது விழித்து மறுபடி உறங்குபவற்றுக்கு ரிஃபாம்பிசின். புளிப்புத் தன்மையுள்ள இடங்களில் பதுங்கியிருப்பவற்றுக்குப் பைரசினமைடு. இவற்றோடு எத்தாம்பூட்டாலும் சேர்த்து நான்கு மருந்துகள் முதல் இரண்டு மாதம் தரப்படுகின்றன. இருமலை நிறுத்துவது இந்த இரண்டு மாத வேலை. மீதி நான்கு மாதம், உறங்கிக் கிடப்பவற்றுக்காக. எந்தக் கிருமி என்றைக்கு விழிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது விழிக்கிற நாளில் மருந்து உடம்பில் இருக்க வேண்டும்.

இன்னொரு அபாயமும் உண்டு. மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டால், மருந்துக்கு உண்மையிலேயே கட்டுப்படாத கிருமிகள் தலையெடுக்க இடம் கிடைக்கும். பிறகு வேறு மருந்துகளைத் தேட வேண்டியிருக்கும்.

சென்னை தந்த பாடம்

காசநோய்க்காரர்கள் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்றிருந்த காலத்தை மாற்றியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், ஒரு பகுதி நோயாளிகளுக்கு வீட்டிலேயும், மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள் என்று 1959-ல் முடிவு வெளியாயிற்று. முக்கியமானது படுக்கை அல்ல, விடாமல் உண்ணும் மருந்தே என்று உலகம் தெரிந்துகொண்டது. பின்னர் 1970-களில் நடந்த ஆராய்ச்சிகளால் அந்தக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியது.

இன்று எந்த மாநிலத்திலும் அரசு ஆஸ்பத்திரிகளில் காசநோய் மருந்து இலவசம். நோயாளியின் விவரம் 'நிக்‌ஷய்' என்ற மத்திய அரசின் பதிவில் ஓர் எண்ணுடன் சேர்க்கப்படுகிறது. ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் முன்பே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், சிகிச்சையை அங்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றித் தருவார்கள். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது.

இருமல் நின்றது, ஓடுகிற கிருமிகள் ஒழிந்ததற்கு அடையாளம். உறங்குகிற கிருமிக்கு இருமலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. மாத்திரையை நிறுத்தும் நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும், உடம்பு சொல்லாது.