பானை ஓடும் தொடுதிரையும்

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடு தானாக எதையும் பேசுவதில்லை. அருகில் உள்ள சிறு அட்டையில் அதன் காலமும் கிடைத்த இடமும் எழுதப்பட்டிருக்கும். தொல்லியல் அறிந்தவருக்கு அது போதும். மற்றவர்கள் ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்த பேழைக்கு நகர்ந்துவிடுவார்கள். இந்த இடைவெளியை நிரப்பவே தொடுதிரைகளும் முப்பரிமாணக் காட்சிகளும் மெய்நிகர் கருவிகளும் அருங்காட்சியகங்களுக்குள் வந்திருக்கின்றன. அவற்றை நான் வரவேற்கிறேன். ஆயினும், அவை காட்டுவது எந்த ஆதாரத்தின் அடிப்படையில் என்ற கேள்வியை நாம் போதிய அளவு எழுப்பவில்லை.

அகழாய்வு என்பது ஒருமுறை மட்டுமே செய்யக்கூடிய சோதனை. மேலடுக்கை அகற்றாமல் கீழடுக்கைக் காண முடியாது. அகற்றிய அடுக்கை மீண்டும் அமைக்கவும் முடியாது. எந்தப் பொருள் எந்த ஆழத்தில், எதனருகே கிடந்தது என்பது பதிவேடுகளிலும் வரைபடங்களிலும் ஒளிப்படங்களிலும்தான் எஞ்சுகிறது. ஒன்றோடொன்று ஓரளவு பொருந்துமாறு பல கோணங்களில் எடுத்த படங்களைக் கணினி வழியே இணைத்தால், குழியின் முப்பரிமாண வடிவம் கிடைக்கும். அதை அடுக்கடுக்காகத் திறந்து பார்க்கும் வசதியைத் தொடுதிரை தரும். விளக்க அட்டையால் இது இயலாது.

கீழடியை எடுத்துக்கொள்வோம். 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிம மாதிரியின் காலம் கி.மு. 580 எனக் கூறியது. செய்தியாகப் படிக்கும்போது அது வெறும் எண். திரையில் விரலால் அடுக்கடுக்காகக் கீழிறங்கி, அந்த ஆழத்தை அடைந்து, அங்கே கிடைத்தவற்றையும் மேலடுக்குகளில் கிடைத்தவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு, அந்தக் காலம் எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது புரியும். ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்கள் பொறித்த ஓடுகளின் தமிழி எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு இன்றைய எழுத்தோடு பொருத்திப் பார்த்தால், படிக்கத் தெரியாத கீறலாகத் தோன்றியது ஒரு மனிதரின் பெயராகிவிடும்.

ரோமில் அகஸ்டஸ் காலத்து அமைதிப் பலிபீடம் இன்று வெண்பளிங்காக நிற்கிறது. ஒருகாலத்தில் அது வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் கருதும் வண்ணங்களை ஒளிக்கதிர்களால் அதன்மீது படரவிட்டுக் காட்டினார்கள். விளக்கை அணைத்தால் மீண்டும் வெறும் கல். எது எஞ்சியது, எது ஊகம் என்ற வேறுபாடு பார்வையாளரின் கண்ணெதிரே தெளிவாகிறது.

எல்லாக் காட்சிகளும் இப்படி அமைவதில்லை. கீழடிக்கு அருகிலுள்ள கொந்தகை ஈமக்காட்டில் கிடைத்த இரு மண்டை ஓடுகளைக் கொண்டு, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகத்தின் துணையுடன் உருவாக்கப்பட்ட முகங்கள் 2025-இல் வெளியாகின. இத்தகைய மீட்டுருவாக்கத்தில் முகத்தின் அமைப்புக்கு எலும்பு வலுவான சான்று. ஆனால், தோலின் நிறத்தையோ தலைமுடியின் வடிவையோ எலும்பு சொல்லாது. அவை இன்றைய மக்களைக் கொண்டு தெரிவு செய்யப்படுபவை. படத்தைப் பார்ப்பவருக்கோ இரண்டும் ஒரே உறுதியுடன் பதிகின்றன. அசைவூட்டப் படத்தில் எழும் பழைய நகரத்துக்கும் இது பொருந்தும். கிடைத்தது செங்கல் சுவரின் அடிப்பகுதியாக இருக்கும். கூரை, கதவு, தெருவில் நடப்பவரின் உடை ஆகியவை வரைபவரின் கற்பனையாக இருக்கக்கூடும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வு காணவே, பண்பாட்டு மரபைக் கணினிவழிக் காட்சிப்படுத்துவதற்கான லண்டன் சாசனம் 2006-இல் உருவானது. சான்று எது, கருதுகோள் எது என்பதைக் காண்போர் அறிய வேண்டும். முடிவுகளுக்கான காரணங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம். நடைமுறையில் இது எளிது. கிடைத்ததை ஒரு நிறத்திலும், ஒப்பீட்டால் அறிந்ததை மற்றொரு நிறத்திலும், கற்பனையை மூன்றாவது நிறத்திலும் காட்டலாம். எந்தப் பகுதியைத் தொட்டாலும் அதற்கான ஆதாரம் திரையில் தோன்றச் செய்யலாம்.

நமக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. கீழடியின் முதல் இரு கட்ட அகழாய்வு அறிக்கையைத் திருத்தித் தருமாறு இந்தியத் தொல்லியல் துறை 2025-இல் கேட்டதும், அதை அகழாய்வாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா மறுத்ததும் நாடறிந்தவை. இவ்வளவு கூர்மையாக விவாதிக்கப்படும் இடத்தில், ஆதாரத்தையும் அலங்காரத்தையும் கலந்து காட்டும் ஒரு காட்சி, ஆதாரத்தின் மீதே ஐயம் எழ இடம் கொடுத்துவிடும். கற்பனையான கூரை ஒன்று தவறு என்று நிறுவப்பட்டால், அதன் அடியில் உள்ள உண்மையான செங்கல்லையும் சேர்த்தே மறுக்க முயல்வோர் இருப்பார்கள்.

எனவே, அருங்காட்சியகங்களுக்குத் திரைகளை வாங்கும்போதே, அவற்றில் ஓடும் ஒவ்வொரு காட்சிக்கும் தொல்லியலாளரின் ஒப்புதலையும் ஆதாரக் குறிப்பையும் அரசு கட்டாயமாக்க வேண்டும். புதிய ஆய்வு முடிவுகள் வரும்போது காட்சிகளைத் திருத்தவும், பழுதான கருவிகளைச் சீராக்கவும் ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். திரையில் கண்டதைச் சரிபார்க்க, பார்வையாளர் மீண்டும் அந்தப் பானை ஓட்டின் முன் சென்று நிற்க வேண்டும். அவரை அங்கே அனுப்பிவைக்கும் திரையே நல்ல திரை.